லயக் காம்பராவில் இல்ல ஒழுங்கு

“சிறுகக் கட்டிப் பெருக வாழ்” என்பது தமிழர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முதுமொழி. வருவாய்க்கு ஏற்பச் சிறியதாய் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, அதனுள்ளே நிறைவோடு வாழ வேண்டும் என்பது அதன் கருத்து. ஆயின், வீட்டைத் தாமே கட்டிக்கொள்ளும் வாய்ப்பைப் பெறாதவர்களுக்கு இம்முதுமொழி எவ்வாறு பொருந்தும்? நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை முதலிய பகுதிகளிலே மலைச்சரிவெங்கும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் அத்தகையவை. அவர்களுடைய இல்லத்தைப் பிறர் கட்டினர். அதன் அளவையும் பிறரே வகுத்தனர். அந்த அளவுக்குள்ளே அனைத்தையும் அடுக்கி வாழும் பொறுப்பு மட்டும் அவர்கள் தலைமேல் வந்து சேர்ந்தது.

கோப்பிப் பயிர்க் காலத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கென வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்புகளை ஆங்கிலேயர் ‘லைன்’ என்றனர். அச்சொல்லே தொழிலாளர் நாவிலே லயம் என்றாகியது. 1869ஆம் ஆண்டளவில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று; லயம் மாறவில்லை. 10 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட ஒரு காம்பரா, அதன் முன்னே ஒடுங்கிய ஓர் இஸ்தோப்பு என்பதே லயத்து வீட்டின் பரவலான அளவு. ஒரே சுவருக்கு இப்புறமும் அப்புறமுமாக, முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் இரண்டு வரிசைகள் அமைந்த லயங்களும் உண்டு. அவற்றிலே பின்புறச் சன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த 120 சதுர அடிக்குள் ஒரு குடும்பத்தின் அடுப்பும் படுக்கையும், பிள்ளைகளின் புத்தகமும், சாமிப் படமும், விறகும் அரிசியும், பாட்டனார் விட்டுச்சென்ற றங்குப் பெட்டியும் அடங்க வேண்டும். கொழுந்துக் கூடை, படங்குச் சாக்கு, கவ்வாத்துக் கத்தி ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். மூன்று தலைமுறையினர் சேர்ந்து வாழும் காம்பராக்களும் உள. காலையிலே பிள்ளைகளைப் பள்ளிக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் அனுப்பிவிட்டு மலைக்கு ஏறும் தாய், கொழுந்து நிறுத்த பின்னர் மாலையிலே வீடு திரும்புகிறாள். கதவைத் திறந்ததும் கலைந்து கிடக்கும் காம்பரா அவளை எதிர்கொள்கிறது. எதை எடுப்பது, எங்கே வைப்பது, எங்கிருந்து தொடங்குவது என்று தோன்றாமல், இருந்தது இருந்தபடியே கிடக்கட்டும் என்று அடுப்பை மூட்டப் போய்விடுகிறாள். மறுநாள் அக்குவியல் இன்னும் சற்று உயர்ந்துவிடுகிறது.

இதனைச் சோம்பல் என்று கருதுவது பெரும்பிழை. நாள் முழுவதும் சரிவிலே நின்று, முற்றிய இலையை விட்டு இளங்கொழுந்தை மட்டும் விரலால் தெரிந்தெடுக்கும் ஒருத்தியைச் சோம்பேறி என்று எவரும் சொல்லார். உண்மையான காரணம் வேறு. குவிந்து கிடக்கும் பொருள் ஒவ்வொன்றும் மனத்திடம் ஒரு கேள்வியைக் கேட்கிறது. வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா, எறிவதா, தைப்பதா, இன்னொருவரைக் கேட்க வேண்டுமா என்று நூறு பொருள்கள் நூறு முடிவுகளை ஒரே வேளையிலே வேண்டி நிற்கின்றன. களைத்த மனம் அத்தனை முடிவுகளையும் ஒருங்கே எடுக்க மாட்டாமல் மலைத்துப்போகிறது. மலைப்பு என்னும் சொல்லே, மலையைக் கண்டு திகைத்து நிற்பவனுடைய நிலையை நினைவூட்டுகிறதன்றோ?

இவ்விடர் ஏழை எளியவர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பகுதியிலே, கணவனும் மனைவியும் தொழில் பார்க்கும் குடும்பங்களைச் சேர்ந்த 60 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. தம் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசும்பொழுது, குவியல் என்றும் முடியாத வேலை என்றும் பொருள்படும் சொற்களை மிகுதியாகக் கூறிய மனைவியரின் உடலிலே, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கோர்ட்டிசோல் என்னும் சுரப்பு, காலை முதல் மாலை வரை இயல்பாகத் தணிய வேண்டிய அளவுக்குத் தணியவில்லை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதனால் முடிவுகட்டிவிட இயலாது. ஆயினும், வீட்டின் குழப்பமும் உள்ளத்தின் களைப்பும் ஒன்றையொன்று பற்றி நடப்பவை என்பது இதனால் புலனாகிறது. பல அறைகள் கொண்ட வீட்டினருக்கே இந்நிலை எனின், ஒற்றைக் காம்பராவுக்குள் வாழும் பெண்ணின் மலைப்பிலே வியப்பொன்றும் இல்லை.

மலைப்பைத் தீர்க்கும் முதல் வழி, மலையை மறந்து ஒரு நிரையைப் பார்ப்பதாகும். கொழுந்து பறிப்பவள் மலை முழுவதையும் ஒருங்கே பறிக்க நினைப்பதில்லை. தனக்குப் பிரித்துக் கொடுத்த நிரையிலே, கைக்கு எட்டிய செடியை முடித்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்கிறாள். வீட்டு வேலைக்கும் அம்முறையே ஏற்றது. ஓரிடத்திலே அமர்ந்து இரு கைகளையும் நீட்டினால் எட்டும் பரப்பு எவ்வளவோ, அவ்வளவே ஒருநாள் வேலை என்று வரையறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் போதும். நேரம் முடிந்ததும், எஞ்சியவை கிடந்தாலும் எழுந்துவிட வேண்டும். ஒரே ஞாயிற்றுக்கிழமையிலே வீடு முழுவதையும் வெளியே இறக்கிப் போட்டுவிட்டு, பிற்பகல் மழை இறங்கியதும் மீண்டும் உள்ளே வாரிக் குவிப்பதைக் காட்டிலும், நாளொரு கைவீச்சு என்னும் முறை பயன் மிகுந்தது.

அடுத்து எழும் கேள்வி, எதிலிருந்து தொடங்குவது என்பது. எறிவதற்குரியவற்றிலிருந்து தொடங்குக என்று நகரத்தார் கூறுவர். மலையகத்து வீட்டிலோ, எறியக்கூடாதவற்றிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. அவற்றுள்ளும் முதன்மையானவை காகிதங்கள்.

மலையகத் தமிழரின் வரலாற்றிலே காகிதம் வெறும் காகிதமாய் இருந்ததில்லை. கங்காணிமார் காலத்திலே, கடன் தீர்ந்ததா இல்லையா என்று எழுதிய ஒரு துண்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அத்துண்டு முறை 1921இல்தான் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இந்நாட்டிலே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பதிவுகள் அரிதாயிருந்த லயங்களிலே அச்சான்றுக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமோ, 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமையை நிறுவக் கோரிற்று. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்கென விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன; பிரசாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும், 1974இல் எழுந்த அதன் தொடர்ச்சியும் மக்களை இரு நாடுகளுக்குமாக எண்ணிப் பகுத்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழி செய்த சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஆகவே, பழைய றங்குப் பெட்டியின் அடியிலே மடித்துக் கிடக்கும் மஞ்சளித்த தாளொன்றைக் குப்பை என்று தள்ளுமுன், அதனைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு படிப்பித்துப் பார்த்தல் வேண்டும்.

காகிதங்களை ஒழுங்குபடுத்தும் முறை எளியது. வீட்டிலுள்ள தாள்கள் அனைத்தையும் ஒரு பாயிலே சேர்த்து மூன்றாகப் பிரிக்க வேண்டும். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுச் சான்றிதழ்கள், பிரசாவுரிமைப் பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, காணி அல்லது வீட்டுக்குரிய உறுதி, பரீட்சைச் சான்றிதழ் ஆகியன என்றும் காக்க வேண்டியவை. ஊழியர் சேமலாப நிதி இலக்கம் குறித்த தாள், சம்பளச் சீட்டு, வங்கிக் கொப்பி, அடகுச் சீட்டு, கிளினிக் கொப்பி முதலியன நடப்பிலே வேண்டியவை. மின்சாரப் பட்டியல், பழைய அழைப்பிதழ், முடிந்துபோன சீட்டு என்பன பார்த்துக் கழிக்க வேண்டியவை. சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஏற்பட்டது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதனைப் பெற உரித்துடையர். தோட்டத்தின் நிருவாகம் கைமாறிய காலங்களிலே பெயரும் இலக்கமும் மாறிப் பதிவாகியிருக்குமானால், பழைய சம்பளச் சீட்டொன்றே பல ஆண்டு உழைப்புக்குச் சாட்சியாக நிற்கக்கூடும்.

என்றும் காக்க வேண்டியவற்றைத் தடித்த பிளாத்திக்கு உறையிலே இட்டு, வாய் இறுக மூடும் பை ஒன்றிலே வைக்க வேண்டும். அப்பை அடுப்புச் சுவரிலே இருத்தல் ஆகாது. கதவருகே, பெரியவர் கைக்கு எட்டும் உயரத்திலே தொங்குவது நன்று. பல லயங்களிலே கூரையின் அடிப்புறம் எல்லாக் காம்பராக்களுக்கும் பொதுவாய் இருத்தலின், ஒரு காம்பராவிலே பற்றிய நெருப்பு வரிசை முழுவதையும் விரைவிலே சூழ்ந்துவிடுகிறது. மண்சரிவின் ஆபத்தும் மலைநாட்டிலே என்றும் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே லயங்கள் மண்ணுள் புதையுண்டதையும், 2025 நவம்பர் இறுதியிலே வந்த டித்வா புயலின்போது மலைநாடெங்கும் சரிவுகள் நேர்ந்ததையும் மறத்தற்கில்லை. வெளியேறும்படி எச்சரிக்கை வரும் வேளையிலே எதையும் தேடிக்கொண்டிருத்தல் கூடாது. உயிரோடு வெளியேறுவதே முதற்கடமை; போகும் வழியிலே கையோடு எடுத்துச்செல்லக் கூடியதாக அந்தப் பை இருக்க வேண்டும். பதிவு இலக்கங்களையும் நாள்களையும் தனியே ஒரு கொப்பியில் எழுதி உறவினர் வீட்டிலே கொடுத்து வைப்பதும், தாள்களைக் கைத்தொலைபேசியிலே படம் எடுத்து வைப்பதும் மேலும் காப்பாகும். மூலத்தாள் அழிந்தாலும், இலக்கம் தெரிந்திருந்தால் பிரதேச செயலகத்திலே புதிய பிரதி பெறுவது எளிதாகும்.

காகிதம் முடிந்த பின்னர் அடுப்படிக்கு வரலாம். லயத்து வீட்டிலே நெருப்பும் துணியும் விறகும் அருகருகே இருப்பவை. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவரும் மிலாறு மழைக்காலத்திலே அரிய பொருள்; ஆதலின் அதனை வீட்டினுள்ளே கூரை முட்ட அடுக்கும் வழக்கம் உண்டு. மூன்று நாளைக்கு வேண்டிய விறகை மட்டும் உள்ளே வைத்து, மற்றதைத் தாழ்வாரத்தின் கீழ்க் கற்களின்மேல் பலகை பரப்பி அடுக்கி, பழைய தகரத்தினாலோ உரப்பைகளை ஒட்டித் தைத்த விரிப்பினாலோ மூடிவிட்டால், காம்பராவின் ஒரு மூலை முழுவதும் விடுபடும். மண்ணெண்ணெய்ப் போத்தல் அடுப்பின் எதிர்ப்புறத்திலே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்திலே இருத்தல் வேண்டும். மின்கம்பியின்மேல் துணி உலர்த்துதல் கூடாது. களைக்கொல்லியோ வேறு விவசாய மருந்தோ, அவை இருந்த வெற்றுக் கலனோ, வீட்டினுள்ளே எந்நாளும் இருத்தல் ஆகாது. அத்தகைய கலனிலே தண்ணீர் பிடித்தல் உயிருக்குக் கேடாகும்.

அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு ஆகியவற்றைக் கடையிலிருந்து வந்த பைகளிலேயே வைப்பதனால் எலி வருகிறது. எலி வந்தால் எலிக்காய்ச்சலுக்கும் வழி திறந்துவிடுகிறது. மூடியுள்ள தகரங்களிலே அவற்றை இட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரியும்படி ஒரே வரிசையில் வைத்தால், இருக்கும் பொருளையே மறந்து கடனுக்கு மீண்டும் வாங்கும் வீண்செலவும் தவிர்க்கப்படும். ஆளுக்கு ஒன்று, வரும் விருந்தினருக்கென நான்கு என்ற கணக்கிலே கோப்பையும் தட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் போதும். எஞ்சியவற்றைத் துடைத்துக் கட்டி மேலே ஏற்றிவிடலாம்.

மலைநாட்டு வீட்டின் பெரும்பகை ஈரம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும், அட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் உள்ளன. மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அட்டன், மஸ்கெலியாப் பக்கத்துச் சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும். அக்காலத்திலே துணி உலர்வதில்லை. உலராத துணியை மூட்டையாகக் கட்டிச் சுவரோரம் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கிறது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளிலே இருமலும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியிலே எடுத்துக்காட்டியிருக்கிறது. ஆகவே, துணிமூட்டை எதுவும் தரையையும் சுவரையும் தொடாதிருத்தல் நன்று. இரண்டு விரற்கடை இடைவெளி விட்டால், அவ்வழியே காற்று ஓடும். சனவரி முதல் மார்ச்சு வரையான வெயில் நாள்களிலே மெத்தை, கம்பளி, றங்குப் பெட்டி அனைத்தையும் வெளியே எடுத்து உலர்த்துதல் வேண்டும். அக்காலத்து விடியற்காலையிலே நுவரெலியாப் பகுதியில் உறைபனி விழுவதுண்டு. பனி நீங்கி வெயில் ஏறிய பின்னரே துணியைப் பரப்ப வேண்டும்.

வேலைக்குரிய பொருள்களை இஸ்தோப்பிலே நிறுத்திவிடுதல் மற்றொரு நல்வழி. கூடைக்கும் படங்குக்கும் கம்பளிக்கும் மூன்று ஆணிகள் போதும். மலையிலிருந்து வந்ததும் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஈரப் படங்கை அங்கேயே தொங்கவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தால், காம்பராவின் தரை பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றிக் கூரைக் கையிலே செருகுவதை ஒரு விதியாகக் கொள்ள வேண்டும்.

தரையின் அளவைக் கூட்ட முடியாது; ஆனால் சுவர் இருக்கிறது. 10 அடிக்கு 12 அடியான காம்பராவின் நான்கு சுவர்களும் சேர்ந்து 44 அடி ஓடுகின்றன. கதவும் அடுப்பும் உள்ள சுவர்களை விட்டுவிட்டு, ஒரு நெடுஞ்சுவரிலும் ஒரு குறுஞ்சுவரிலும் ஆளுயரத்துக்கு மேலே ஓரடி அகலப் பலகை அடித்தால் 21 சதுர அடி இடம் கிடைக்கிறது. இது தரைப்பரப்பிலே ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம். பாரமான பொருள் மேலே ஏறுதல் ஆகாது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வேண்டிய இலேசான பொருள்களே அங்கு ஏற வேண்டும். நாள்தோறும் வேண்டியது இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்திலும், கிழமைக்கு ஒருமுறை வேண்டியது கட்டிலின் கீழும் இருத்தல் பொருத்தமாகும்.

அவ்வாறு விடுபடும் இடத்திலே முதலுரிமை யாருக்கு? படிக்கும் பிள்ளைக்கு என்பதிலே ஐயமில்லை. மூன்றடிப் பலகை ஒன்று, அதன்மேல் விளக்கு ஒன்று, புத்தகத்துக்குரிய பெட்டி ஒன்று, இவ்வளவே போதும். அவ்விடத்திலே கறிச்சட்டியோ துணியோ வைத்தலாகாது என்பதை வீட்டார் அனைவரும் மதித்து நடக்க வேண்டும். மாலைதோறும் புத்தகத்தைத் தேடுவதிலே கழியும் நேரம் படிப்பிலே கழியுமானால், ஓராண்டிலே அது எத்தனை மணி நேரமாகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 10 நிமிடம் வீதம் மிச்சமானாலும், ஆண்டுக்கு 60 மணி நேரம் கைக்கு வருகிறது.

இனி, கழிப்பது பற்றிய சிக்கல். வெற்றுத் தகரங்கள், உரப்பைகள், உடைந்த கதிரை, கிழிந்த சேலை முதலியவற்றை முதியவர்கள் விடாது வைத்திருப்பதைக் கண்டு இளையோர் சினம் கொள்வதுண்டு. முதியோரின் வாழ்நாளை எண்ணிப் பார்த்தால் அச்சினம் தணியும். 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களைப் பஞ்சம் வாட்டிற்று. ஒரு பிடி மாவுக்கு மக்கள் அலைந்தனர். அக்காலத்தைக் கண்டவர் கைக்கு எந்தப் பொருளும் வீண்பொருளாய்த் தோன்றாது. அதற்கு முன்னும் பின்னும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா செல்ல எழுதப்பட்ட குடும்பங்கள், தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறுமுன், ஒரு வாழ்நாளைச் சில பெட்டிகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அம்மியையா குலதெய்வப் படத்தையா எடுத்துச் செல்வது என்று முடிவுசெய்ய வேண்டிய துன்பம் அவர்களுக்கு நேர்ந்தது. இங்கேயே தங்கியவர்களிடம், போனவர்கள் கொடுத்துச் சென்ற செம்பும் குத்துவிளக்கும் இருக்கக்கூடும். அவை வெறும் பாத்திரங்கள் அல்ல.

ஆதலால், முதியவர் பொருளை அவர் இல்லாத வேளையிலே எறிதல் தகாது. அவரையே அருகில் இருத்தி, ஒவ்வொரு பொருளின் கதையையும் கேட்டு, எதனை வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று அவர் வாயாலே சொல்லச் செய்தல் வேண்டும். நினைவுக்குரியவற்றை அவருடைய றங்குப் பெட்டி கொள்ளுமளவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் எல்லை வகுத்தால், எல்லையும் காக்கப்படும், மதிப்பும் காக்கப்படும். பத்துத் தகரங்களிலே மூன்றை வைத்து ஏழைக் கொடுக்க அவர் இசைந்தாலும் அது வெற்றியே. கழித்தவற்றிலே நல்லதை அயலாருக்குக் கொடுக்கலாம். இரும்பையும் தகரத்தையும் பழைய சாமான் வாங்குபவரிடம் விற்கலாம். போகிப் பண்டிகையிலே பழையன கழிக்கும் வழக்கம் நல்லதே. ஆயினும் பிளாத்திக்கையும் றப்பரையும் நெருப்பிலே இடுதல் நெருக்கமான லயத்திலே எல்லோருடைய மூச்சுக்கும் கேடு.

இவ்வேலை அனைத்தும் ஒருத்தி தலையிலே விழுமானால் எந்த முறையும் நிலைக்காது. மலையிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலை உண்டு. வீட்டிலோ வேலை பெரும்பாலும் பெண்ணுக்கே உரியதாய் எண்ணப்படுகிறது. விறகடுக்கும் பொறுப்பும் பலகை அடிக்கும் பொறுப்பும் தண்ணீர் கொணரும் பொறுப்பும் கணவனுக்கும் வளர்ந்த மகனுக்கும், பாய் சுருட்டுவதும் புத்தகம் அடுக்குவதும் பிள்ளைகளுக்கும் என்று பெயர் குறித்துப் பிரித்துவிட வேண்டும். பிரட்டிலே நின்று ஆளுக்கொரு மலையை ஏற்றுக்கொள்பவர்களுக்கு, வீட்டிலே ஆளுக்கொரு மூலையை ஏற்றுக்கொள்வது புதுமையன்று.

யப்பானியர் தொழிற்சாலைகளிலே கையாளும் ஐந்து படி ஒழுங்குமுறையை இலங்கையிலும் பலர் அறிவர். வேண்டாததைப் பிரித்தல், வேண்டியதற்கு இடம் வகுத்தல், துப்புரவாக்கல், அந்நிலையைப் பேணும் விதி செய்தல், அதனைப் பழக்கமாக்கல் என்பன அவ்வைந்து படிகள். கொழும்பு காசல் வீதிப் பெண்கள் மருத்துவமனையிலே 2000ஆம் ஆண்டிலிருந்து கையாளப்பட்ட இம்முறை, குறைந்த வசதியுள்ள இடத்திலும் ஒழுங்கு இயலும் என்பதற்குப் பிற நாட்டாரும் எடுத்துக்காட்டும் சான்றாயிற்று. அவ்வைந்திலே கடைசிப் படியாகிய பழக்கமே கடினமானது. அதற்கு இரவுச் சாப்பாட்டின் பின் கால் மணி நேரம் அனைவரும் சேர்ந்து எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தலும், தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போதும் தைப்பொங்கலுக்கும் ஆண்டுக்கு இருமுறை பெட்டிகளைத் திறந்து பார்த்தலும் போதுமானவை. நோய், சாவு, பேறுகாலம் என்று வீடு நிலைகுலையும் நாள்கள் வரும். அப்பொழுது அடுப்படி, படுக்கை, காகிதப் பை ஆகிய மூன்று மட்டும் சீராய் இருந்தால் போதும், மற்றவை காத்திருக்கலாம்.

ஒழுங்கினால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடும் என்று சொல்லுதல் உண்மைக்கு மாறாகும். 120 சதுர அடியிலே மூன்று தலைமுறை வாழ்வது எவ்வளவு அடுக்கினாலும் நெருக்கடியே. தனிவீடும் சொந்தக் காணியும் வேண்டுமென்ற மலையக மக்களின் கோரிக்கை நெடுங்காலத்தது. இந்திய உதவியோடு 4,000 வீடுகள் கட்டும் வேலை 2016ஆம் ஆண்டளவிலே தோட்டங்களில் தொடங்கிற்று. மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என்று 2017 மே மாதத்தில் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் அறிவித்தார். ஏழு பேர்ச்சசுக் காணியிலே ஏறத்தாழ 550 சதுர அடி கொண்ட அவ்வீடுகள், லயக் காம்பராவைப் போல நான்கு மடங்குக்கு மேற்பட்டவை. ஆயினும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன.

காம்பராவை ஒழுங்காக வைத்திருப்பதனால் அக்கோரிக்கை வலுவிழந்துவிடாது. காணி வழங்கும் நாளிலே கேட்கப்படும் சான்றிதழ் தேடாமலே கிடைக்கும். பிள்ளை இருட்டுமுன் பாடத்தை முடிக்கும். தாய்க்கு உறங்குமுன் கால் நீட்டி அமர ஓரிடம் இருக்கும். முழுவீட்டையும் எண்ணி மலைத்து நிற்பவர்கள், இன்று மாலை றங்குப் பெட்டியைத் திறந்து, அதிலே பிறப்புச் சான்றிதழ்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் போதும். அதுவே முதல் நிரை.